சத்தத்துக்கான உரிமம்

இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், துப்பாக்கி உரிமம் கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்புவதற்கான காரணங்களை மாவட்ட ஆட்சியரின் கையில் தாராளமாகவே தந்திருக்கிறது. ஆயினும் அதன் 13ஆம் பிரிவு இரண்டு வகைத் துப்பாக்கிகளைத் தனியே பிரித்தெடுத்து, விசாரணையில் தடையேதும் தென்படாவிட்டால் அவற்றுக்கு உரிமம் வழங்கப்பட வேண்டும் என்கிறது. ஒன்று, 20 அங்குலத்துக்குக் குறையாத நீளமும் வழவழப்பான உட்சுவரும் கொண்ட குழலை உடைய துப்பாக்கி. இது தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கப்படலாம். மற்றொன்று, பயிரைக் காப்பதற்கென்று உண்மையாகவே கேட்கப்படும், குழலின் வாய்வழியே மருந்து திணிக்கும் துப்பாக்கி. தென்காசிக்குக் கிழக்கே, பாவூர்சத்திரத்தை அடுத்த கீழப்பாவூரில் நெல்லும் சின்ன வெங்காயமும் பயிரிடும் ஒருவர் தம் முதல் துப்பாக்கியை வாங்க நினைத்தால், கடைக்குள் காலெடுத்து வைப்பதற்கு வெகு முன்பே அவருடைய தெரிவில் பெரும்பகுதி சட்டத்தால் முடிவாகியிருக்கும். அந்தச் சட்டம் குழலின் நீளம், துளையின் விட்டம், உட்சுவரின் தன்மை, குண்டின் ஆற்றல், வெடியோசை ஆகிய பௌதிக அளவுகளை வைத்தே துப்பாக்கிகளைத் தரம் பிரிப்பதால், அதைப் புரிந்துகொள்ள வழக்கறிஞரைவிட இயற்பியல் ஆசிரியரே அதிகம் உதவக்கூடும்.

உரிமப் புத்தகத்தில் ‘எஸ்.பி.எம்.எல்.’ என்ற நான்கு எழுத்துகளால் குறிக்கப்படும் ஒற்றைக் குழல் வாய்வழித் துப்பாக்கிதான், ஊர்ப்பேச்சில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லப்படுவதன் உரிமம் பெற்ற வடிவம். இதில் தோட்டா என்ற ஒன்று கிடையாது. மருந்து, அடைப்பு, ஈயக் குண்டு ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் குழல்வாயின் வழியே இறங்கி நீண்ட கம்பியால் இறுக்கப்பட, குழலின் அடியில் பொருத்தப்படும் சிறிய ‘கேப்’ விசையின் அடிபட்டுத் தீப்பொறியை உள்ளே அனுப்புகிறது. ஒரு முறை வெடித்தபின் மறுமுறைக்குத் தயாராக ஏறக்குறைய அரை நிமிடமாவது ஆகும் என்பதால், தொடர்ந்து சுடுவது இதனால் இயலாது. இந்த இயலாமைதான் சட்டத்தின் பார்வையில் இதன் தகுதி. மெதுவாகச் சுடும், கிட்டத்தில் மட்டும் பயன்படும், இடுப்பில் ஒளித்துவைக்க முடியாத ஒரு கருவியால் காவலுக்கு உதவி உண்டு, கலகத்துக்கு உதவி குறைவு என்பதே அந்தக் கணக்கு.

இதில் எரிவது கருமருந்து. வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட், கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவையான அது எரியும்போது, எடையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி வாயுவாக மாறாமல் நுண்ணிய திடத் துகள்களாகவே எஞ்சுகிறது. வெடித்தவுடன் எழும் அடர்ந்த வெண்புகையும், குழலுக்குள் படியும் கரிக்கசடும் அத்துகள்களே. கசடில் உள்ள பொட்டாசிய உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், குற்றாலத்தில் சாரல் இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில் சுட்ட குழலை அன்றே வெந்நீரால் கழுவித் துடைத்து எண்ணெய் தடவாமல் விட்டால் உட்சுவர் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். சமையலறை எண்ணெயை மட்டும் பூசிக் கசடை அப்படியே விட்டுவைப்பதால் பயனில்லை, ஏனெனில் அந்த உப்புகள் நீரில்தான் கரையுமே தவிர எண்ணெயில் கரைவதில்லை. மருந்தும் ஈரம் ஏறினால் சரியாக எரியாது. கார் நெல் வயலில் நிற்கும் பருவமும் சாரல் பருவமும் ஒன்றாக இருப்பது, இந்தத் துப்பாக்கியை நம்பியிருந்த விவசாயிக்கு வாய்த்த பழைய தலைவலி.

வழவழப்பான குழலிலிருந்து புறப்படும் உருண்டைக் குண்டு ஏன் குறி தவறுகிறது என்ற கேள்விக்கு முதன்முதலில் சோதனை வழியே விடை தேடியவரின் வாழ்வு தமிழ்நாட்டில் முடிந்தது என்பது பலரும் அறியாத செய்தி. ஆங்கிலக் கணிதவியலரான பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் துப்பாக்கியியல் குறித்த தம் நூலை வெளியிட்டார். அதை 1745இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கவுரையும் எழுதியவர் கணிதமேதை ஆய்லர். கனமான மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்குள் குண்டைச் சுட்டுப் புதைத்து, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து உந்தப் பாதுகாப்பு விதியின்படி குண்டின் வேகத்தைக் கணக்கிடும் ஊசல் ராபின்ஸின் கருவி. கண்ணால் தொடர முடியாத ஒரு வேகத்தைத் தராசு, அளவுகோல் போன்ற எளிய பொருள்களால் பிடித்துவிட்ட அந்த உத்தி, இன்றும் பள்ளி இயற்பியலில் கற்பிக்கப்படுகிறது. காற்றின் தடை அதுவரை எண்ணியிருந்ததைவிடப் பல மடங்கு பெரிது என்பதும், குழல் சுவரில் உரசிக் கண்டபடி சுழன்று வெளியேறும் உருண்டைக் குண்டு அந்தச் சுழற்சியின் காரணமாகவே பக்கவாட்டில் வளைகிறது என்பதும் அவர் கண்டவை. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இந்தியாவுக்கு வந்த ராபின்ஸ், 1751 ஜூலை 29 அன்று கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1755இல், அதே கம்பெனியின் கர்னல் ஹெரான் இன்றைய தென்காசி மாவட்டத்திலுள்ள நெற்கட்டும்செவலில் பூலித்தேவரின் கோட்டையை முற்றுகையிட்டு, அதை உடைக்கும் அளவுக்குப் பெரிய பீரங்கிகள் இல்லாமல் திரும்பினார். அந்த மண்கோட்டையின் சுவர் குண்டின் ஆற்றலைத் தனக்குள் வாங்கி அமிழ்த்திக்கொள்ளுமே தவிர, கற்சுவரைப்போல் பிளந்து விழுவதில்லை.

ராபின்ஸ் காட்டிய தீர்வு ரைபிள். குழலின் உட்சுவரில் திருகுபோல் வெட்டப்பட்ட சுழல் பள்ளங்கள், வெளியேறும் குண்டைத் தன் அச்சில் ஒரே சீராகச் சுழல வைக்கின்றன. வேகமாகச் சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப்போல, அந்தக் குண்டும் தன் முனையை முன்னோக்கியே வைத்துக்கொண்டு பறக்கிறது. முனை நிலையாக இருப்பதால் உருண்டைக்குப் பதிலாக நீண்ட கூர்வடிவக் குண்டைப் பயன்படுத்தலாம், அதனால் காற்றுத்தடை குறைகிறது, அதனால் தொலைவும் துல்லியமும் கூடுகின்றன. இந்த வகைக் குழலை முழுமையாகக் கையாளக் கற்கும் நாடு போரில் மேலோங்கும் என்று 1747இலேயே ராபின்ஸ் சொல்லியிருந்தார். படைகளுக்கு அது புரிய நூறாண்டு பிடித்தது; அரசுகளுக்கோ, எந்தக் குழல் எவர் கையில் இருக்கலாம் என்பது அதற்கு முன்பே பெரிய கவலையாகிவிட்டது.

அந்தக் கவலையின் வரலாற்றுக்கு நெல்லைச் சீமை பொருத்தமான இடம். பாஞ்சாலங்குறிச்சியின் இரண்டாம் போருக்குப் பிறகு, 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பகுதிப் பாளையங்களின் கோட்டைகளை இல்லாமல் ஆக்கியது, மக்களின் ஆயுதங்களையும் பறித்தது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த 1878ஆம் ஆண்டுச் சட்டம் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதை பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் குற்றமாக்கியபோது, ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. இந்தியருள் குடகு மக்களுக்குக் கிடைத்த விலக்கு இன்றுவரை தொடர்கிறது, 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது, அவர் வேலை பார்த்ததும் திருவிதாங்கூரின் புனலூரில் வனத்துறையில். துப்பாக்கிப் பயிற்சி பெற்றதோ பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி மூன்று ஆட்சி எல்லைகளுக்கிடையில் கைமாறியிருக்கும்போது, அவற்றுள் ஒன்றுக்குள் மட்டும் செல்லுபடியாகும் உரிமச் சட்டம் அதை எங்கே பிடிக்கும்? மலைக்கு அப்பாலும் இப்பாலும் வெவ்வேறு சட்டம் என்ற நிலை இந்த வட்டாரத்தில் வேறொரு வடிவில் இன்றும் இருப்பது, காட்டுப்பன்றியைப் பற்றிப் பேசும்போது தெரியவரும்.

சுதந்திர இந்தியாவில் உரிமம் பெறுவோர் காணும் அளவுகளும் அந்தக் காலத்து அச்சத்தின் தடத்தைச் சுமந்தவையே. ராணுவத் தோட்டாக்கள் திருடப்பட்டால் குடிமக்களின் துப்பாக்கியில் அவை பொருந்தக்கூடாது என்பதற்காகப் பிரிட்டிஷ் ஆட்சி 0.303 அங்குலத் துளையைத் தனியாருக்கு மறுத்தது. அதற்கு மாற்றாகப் புழக்கத்துக்கு வந்த 0.315 அங்குலத் தோட்டா, ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிகர் தோட்டாவின் வழிவந்தது. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை அதற்கான ரைபிளைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. 0.303 இன்றும் தடைசெய்யப்பட்ட துளைகளின் பட்டியலில் இருக்கிறது, 9 மில்லிமீட்டரும் அப்படியே. 0.303, 0.315 ஆகிய இரண்டு துளைகளுக்கும் இடையிலான வேறுபாடு ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் என்றாலும், அந்தச் சிறு இடைவெளியே குடிமகனையும் படைக்கொட்டிலையும் பிரித்துவைக்கிறது.

பரவலாக விற்கும் மற்றொரு அளவான ‘12 போர்’ என்பது, அந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் ஒரு பவுண்டுக்குப் பன்னிரண்டு நிற்கும் என்பதைக் குறிக்கும் பழைய அளவு. ஒரு பவுண்டு ஏறக்குறைய 454 கிராம், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு 38 கிராம், அவ்வளவு எடையுள்ள ஈய உருண்டையின் விட்டம் 18.5 மில்லிமீட்டர் என்று வரும். எண் பெரிதாகப் பெரிதாகத் துளை சிறுக்கும் இந்தத் தலைகீழ்க் கணக்கு புதியவரை எப்போதும் குழப்பும். நடைமுறையில் இதன் தோட்டாவுக்குள் இருப்பது ஒற்றை உருண்டையன்று, பல சில்லுக்குண்டுகள். அவை குழலைவிட்டு வெளியேறியதும் விரியத் தொடங்கி, ஒவ்வொன்றும் எடை குறைந்தது என்பதால் காற்றுத்தடையில் விரைவாக வேகமிழந்து, 40 மீட்டருக்குள் தம் பயனை ஏறக்குறைய முடித்துக்கொள்கின்றன. சிறிய சில்லுகள் 200, 250 மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். 0.22 என்ற மிகச் சிறிய ரைபிள் தோட்டாகூட உயர்த்திச் சுட்டால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் சென்று விழும் என்பதோடு இதை ஒப்பிட வேண்டும். கீழப்பாவூர்ப் பெரியகுளத்தின் கரையில் நின்று பார்த்தால், வயல், வீடு, சாலை, மீண்டும் வயல் என்று கண்ணுக்கெட்டிய வரை மனிதர் நடமாடும் சமவெளிதான். குறி தப்பிய குண்டைத் தாங்கிக்கொள்ள மண்மேடு எதுவும் இல்லாத இத்தகைய நிலத்தில் ரைபிளைவிட வழவழப்பான குழலே பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை, சட்டத்தின் முன்னுரிமை இந்த ஓரிடத்திலாவது இயற்பியலோடு முழுமையாக ஒத்துப்போகிறது.

முதல் துப்பாக்கியைத் தேர்வோர் அஞ்சுவது பெரும்பாலும் பின்னுதைப்பு. 32 கிராம் சில்லுகள் நொடிக்கு 370 மீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் போனால், அவற்றின் உந்தத்துக்கு ஈடாக 3 கிலோ துப்பாக்கி நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வந்தாக வேண்டும். 0.315 ரைபிளின் 16 கிராம் குண்டோ இதனினும் மிக வேகமாகப் போகிறது. அதன் இயக்க ஆற்றல் 3,000 ஜூலை ஒட்டியது, 12 போருக்கு 2,000 ஜூலைச் சற்றுத் தாண்டும். ஆனால் உந்தத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. சுடுபவரின் தோள் உணர்வது உந்தத்தை, குண்டு படும் பொருள் உணர்வது ஆற்றலை என்பதால், தோளில் விழும் அடியை வைத்து ஒரு துப்பாக்கியின் அபாயத்தை எடைபோடுவது தவறான முடிவுக்கே கொண்டுசேர்க்கும்.

உரிமமே தேவைப்படாத முதல் ரைபிள் ஒன்றும் உண்டு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத துளையும், குழல்வாயில் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு ஆட்சியரின் உரிமம் வேண்டியதில்லை. அரை கிராம் பெல்லட் 20 ஜூலை எட்ட வேண்டுமானால் நொடிக்கு ஏறக்குறைய 283 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். ஒலிம்பிக்கின் 10 மீட்டர் போட்டி ரைபிளோ 7.5 ஜூல் அளவிலேயே நின்றுகொள்கிறது, ஏனெனில் அங்கே வேண்டியது வலிமையன்று, அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள மையப்புள்ளியில் ஒவ்வொரு முறையும் போய் விழும் ஒழுங்கு. 2019இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பையில் இளவேனில் வாலறிவன் தங்கம் வென்றது இந்த வகை ரைபிளால்தான். அவர் பிறந்தது ராபின்ஸ் இறந்த அதே கடலூரில் என்பது தற்செயல். குளத்துக்கு வரும் நாரை, கொக்கின்மீது ஏர் ரைபிளை நீட்டுவதற்கு உரிம விலக்கு எந்த வகையிலும் அனுமதியாகாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைத் தடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அது ஜூல் கணக்குப் பார்ப்பதில்லை.

துப்பாக்கியோடு பொருத்தும் உறுப்புகளில் சட்டம் மிகக் கடுமையாக நடத்துவது சைலன்சரை. ஆயுதச் சட்டத்தின் வரையறைப் பிரிவே, வெடியோசையையோ வாய்ச்சுடரையோ குறைப்பதற்காக அமைந்த துணைக்கருவியைத் துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. எதையும் சுட முடியாத வெற்று உலோக உருளை, சட்டத்தின் கண்ணில் தானே ஒரு துப்பாக்கி. ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கர் 1909இல் காப்புரிமை பெற்ற இந்தக் கருவி, குண்டுக்குப் பின்னால் சீறிவரும் உயரழுத்த வாயுவைப் பல அறைகளில் சுழலவிட்டு, அது மெல்ல விரிந்து குளிர்ந்தபின் வெளியே விடுகிறது. சுமார் 160 டெசிபல் அளவுக்கு எழும் வெடியோசையில் 20 முதல் 35 டெசிபல் வரை குறையும், அவ்வளவுதான். திரைப்படத்தில் கேட்கும் ‘உஸ்’ என்ற மெல்லொலி பெரும்பாலும் கற்பனை, ஏனெனில் நம் ஊர் வெயிலில் நொடிக்கு 350 மீட்டரை ஒட்டியிருக்கும் ஒலியின் வேகத்தை மிஞ்சிச் செல்லும் குண்டு, காற்றைக் கிழித்து எழுப்பும் சொடுக்கொலியைக் குழல்வாயில் பொருத்திய எந்தக் கருவியாலும் அடக்க முடியாது. காது கெடாமல் இருக்க வேட்டைக்காரர் பயன்படுத்தும் சாதாரணப் பொருளாகவே பின்லாந்தும் நார்வேயும் இதைக் கருதுகின்றன; அமெரிக்கா 1934இல் இதன்மீது 200 டாலர் வரி விதித்தது. இந்தியாவில் இது குடிமக்களுக்கு எட்டாத பொருள், பயிர்க்காவல் துப்பாக்கிக்கோ இதனால் ஒரு பயனும் இல்லை. அந்தத் துப்பாக்கியிடமிருந்து விவசாயிக்கு நடைமுறையில் கிடைப்பது சத்தம் ஒன்றே.

ஏன் சத்தம் மட்டும்? பயிரை உழுது கெடுக்கும் காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது, மயில் அதன் முதல் அட்டவணையில். ஆயுதச் சட்டம் பயிர்க்காவலுக்கென்று துப்பாக்கி தர, வனவிலங்குச் சட்டம் பயிரைத் தின்னும் உயிரைத் தொடாதே என்று சொல்ல, இரண்டுக்கும் நடுவில் விவசாயிக்கு எஞ்சுவது விரட்டும் வெடி. அதுவும் எளிதில் வாய்ப்பதில்லை. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிப்பவருக்குத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் இசைவின்றிப் புதிய உரிமம் தரக்கூடாது என்று வனவிலங்குச் சட்டத்தின் 34ஆம் பிரிவு விதிக்கிறது. 1988இல் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் 2015இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயமும் அமைந்தபின், மலையடிவார ஊர்கள் பலவும் இந்த வளையத்துக்குள் வந்துவிட்டன. விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும், பயிற்சிச் சான்றும் மருத்துவச் சான்றும் காட்ட வேண்டும், காவல்துறையின் அறிக்கை சாதகமாக வர வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, உரிமம் ஐந்தாண்டு செல்லும். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போய்விடும். வாக்கு எண்ணி முடியும்வரை பன்றிக்கு விடுமுறை.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றிக்காக நிலத்தை மூன்றாகப் பிரித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். அதற்கும் அப்பால் சுடலாம், ஆனால் சுடுபவர் வனத்துறைப் பணியாளராக இருக்க வேண்டும். மலைத்தொடரிலிருந்து அளந்தால் கீழப்பாவூர் மூன்றாம் பகுதியில் வரும் என்றாலும், உரிமம் பெற்ற துப்பாக்கியோடு வரப்பில் நிற்கும் விவசாயியின் நிலை இதனால் மாறவில்லை. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப்புறம் கதை வேறு. கேரள அரசு 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே உத்தரவிடும் அதிகாரத்தைத் தந்து, உரிமம் பெற்ற உள்ளூர்த் துப்பாக்கிக்காரரைக் கொண்டு பன்றியைச் சுட வழிசெய்தது. ஒரே வனவிலங்குச் சட்டத்தின் 11ஆம் பிரிவை இரு மாநிலங்களும் இருவிதமாக வாசித்ததன் விளைவு இது. இரண்டில் எது பன்றியின் எண்ணிக்கையை நிலையாகக் குறைக்கும் என்பதைவிட, எது தவறான குண்டுகளைக் குறைக்கும் என்ற கேள்வியே முதலில் கேட்கத் தக்கது. அந்தக் கணக்கில், பயிற்சி பெற்ற சிலர் மட்டும் சுடும் தமிழ்நாட்டு ஏற்பாடு சமவெளிக்குப் பொருந்தும். கூப்பிட்ட இரவில் அந்தச் சிலர் வந்து சேர்கிறார்களா என்பதில்தான் அதன் வெற்றி அடங்கியிருக்கிறது.

விரட்டும் சத்தத்துக்கும் ஆயுள் குறைவு. காட்டுப்பன்றிக்குப் பார்வை மங்கல், மோப்பமும் செவியும் கூர்மை. புதிதாகக் கேட்கும் வெடியோசைக்கு அது கலைந்து ஓடும். ஆனால் ஓசையைத் தொடர்ந்து தீங்கு எதுவும் வராவிட்டால், சில இரவுகளுக்குள் அந்த ஓசையைப் பொருட்படுத்தாமல் கிழங்கைக் கிளறத் தொடங்கும். விலங்கியலார் பழக்கமடைதல் என்று அழைக்கும் இந்த எளிய கற்றல் வடிவம், வயலைச் சுற்றிக் கட்டிய பழைய சேலைகள், இரவெல்லாம் மின்னும் விளக்குகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். சத்தம் மட்டுமே தேவை என்றால் துப்பாக்கி எதற்கு என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது, பிளாஸ்டிக் குழாய்க்குள் கால்சியம் கார்பைடோடு நீரைச் சேர்த்து, வெளிப்படும் அசிட்டிலீன் வாயுவைப் பொறியால் வெடிக்கச்செய்யும் கார்பைடு குழாய். வட மாநிலங்களில் குரங்கை விரட்ட இது பரவியது. எறிபொருள் எதையும் வீசாததால், துப்பாக்கி என்ற வரையறைக்குள் இதை அடக்குவது கடினம். 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் இது விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டு, வெடிக்காத குழாய்க்குள் எட்டிப் பார்த்த சிறுவர் பலரின் கண்கள் வெந்தன. அங்கே அதற்குத் தடையும் விதிக்கப்பட்டது.